நாலு முரசும் நாலு கோழியும்

செம்மண்கோட்டை ராஜா வல்லப வேளுக்குக் கோபம் மூக்குநுனியில், காது அதைவிடக் கூர்மை. அப்பேர்ப்பட்ட காதுக்கே ஒருநாள் வெள்ளச் சேதி எட்டவில்லை என்றால் ஊர் பட்ட பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கோட்டையைச் சுற்றி நாலு குன்று. குன்றுக்கு ஒரு முரசு. விடிந்ததும் நாலும் சேதி சொல்ல வேண்டும். ஓர் அடி என்றால் சுகம், இரண்டு என்றால் திருடர், மூன்று என்றால் வெள்ளம். ஒவ்வொரு முரசுக்கும் ஒரு குரல் என்பதால் எந்தக் குன்று பேசுகிறது என்று சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும். ஒழுங்காகத்தான் நடந்துவந்தது. ஒருநாள் வடக்குக் குன்றுக்காரன், தன் சேதி எடுப்பாகக் கேட்கட்டுமே என்று கொஞ்சம் ஓங்கி அடித்தான். கிழக்கே இருப்பவன் சும்மா விடுவானா? அவனும் ஓங்கினான். அப்புறம் நாலு பேரும் மூச்சுமுட்ட அடித்தார்கள். பாறைகளின் எதிரொலியும் சேர்ந்துகொள்ள, கோட்டைக்குக் கேட்டது வெறும் இரைச்சல். வாரம் ஒரு தோல் கிழிந்தது. தெற்குக் குன்று இருளப்பனுக்குத் தோள் பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. பாவம், அவன் மூன்று அடி அடித்தது யார் காதிலும் விழாத அன்றைக்குத்தான் ஏரி உடைந்து கீழைத்தெரு முழுகிப்போனது.

சபையில் தளவாய் கோதண்டர் எழுந்து, முரசைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும், குன்றுக்கு நாலு தடியர்களைப் போடலாம் என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத குழைக்காதர் என்ற சபைப் பண்டிதர், “தளவாய் நெய் ஊற்றி நெருப்பை அணைக்கிறார்” என்று முணுமுணுத்தார். ராஜாவின் காதைப் பற்றித்தான் சொன்னேனே, அதில் விழுந்துவிட்டது.

“அப்படியா குழைக்காதரே? எட்டு நாள் தருகிறேன். எந்த முரசையும் நிறுத்தக் கூடாது. யாரையும் அடிக்கக் கூடாது. காவலுக்கு ஒரு மனிதன்கூட நிற்கக் கூடாது. நாலு சேதியும் எனக்குத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஒன்பதாம் நாள் முதல் இருளப்பனின் முரசுக்கோலை நீர்தான் பிடிப்பீர்.”

வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கினாலே மூச்சு வாங்கும் ஆள் குழைக்காதர்.

மறுநாளே முக்கி முனகி நாலு குன்றும் ஏறினார். கொஞ்சம் மெதுவாக அடியுங்களப்பா என்று கெஞ்சினார். நாலு பேரும் விளக்கின்மேல் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். விடிந்தால் இரைச்சல் முன்னைவிட இரட்டிப்பு. மற்ற மூவரும் இன்றைக்கு மெதுவாக அடிப்பார்கள், நாம் ஓங்கினால் நம் முரசு மட்டும் கணீரென்று கேட்கும் என்று ஒவ்வொருவனும் தனித்தனியே கணக்குப் போட்டிருக்கிறான்.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை, தனியாக அடங்குகிறவன்தான் ஏமாளி ஆகிறான் என்று குழைக்காதருக்குப் புரிந்தது. ஓங்குகிறவனுக்கே அது நஷ்டமாக வேண்டும். தோள்வலியையே தாங்குகிறவனால் எதைத் தாங்க முடியாது? பசியை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முரசுக்காரர்களின் அன்றாட அரிசியைக் காலையில் முரசுத் தோலின்மேல் கொட்டிப் படைப்பார்கள். கும்பிட்டு, அரிசியை அள்ளிக்கொண்டு, அப்புறம் அடிப்பார்கள். மூன்றாம் நாள் குழைக்காதர் ஓலை அனுப்பினார்: முரசு முழங்குமுன் படையலை அள்ளுவது சாமி குற்றம். இனி முழங்கிய பிறகு தோலில் மிஞ்சுவதைத்தான் அள்ள வேண்டும். நாளைக்கு ஒருநாள் போகட்டும், அதற்குப் பிறகு கோட்டைக்குச் சேதி கேட்காத குன்றுக்கு மறுநாள் அரிசி ஏறாது. கூடவே முரசுக்கு ஒன்றாக நாலு கோழிகள் போயின. காளிக்கு நேர்ந்துவிட்ட கோழிகள். அவற்றை விரட்ட எவனுக்குத் துணிச்சல் வரும்?

பண்டிதர் கோழி மேய்க்கப் போய்விட்டார் என்று தளவாய் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

நாலாம் நாள் காலை வழக்கம்போல விளாசினார்கள். அரிசி நாலாபக்கமும் பறந்தது. கோழிகளுக்குக் கல்யாண விருந்து, மனிதர்களுக்கு வெறும் கஞ்சித்தண்ணீர். “கோழிக்கு ஆக்கிப்போடவா உமக்கு வாக்கப்பட்டேன்?” என்று இருளப்பன் பெண்சாதி அகப்பையோடு வந்து நின்றாள். ஐந்தாம் நாள் எல்லாருக்கும் கை தானாக அடங்கியது. மேற்குக் குன்றுக்காரன் ரொம்பவும் புத்திசாலித்தனமாக விரல்நுனியால் தட்டினான். கோட்டைக்குக் கேட்கவில்லை, மறுநாள் பட்டினி. ஏழாம் நாளுக்குள் அவரவர் அளவு அவரவருக்குப் பிடிபட்டுவிட்டது. கோட்டைக்குக் கேட்க வேண்டும், அரிசியும் தோலில் நிற்க வேண்டும். அதற்குமேல் ஓங்கினால் லாபம் கோழிக்குத்தான்.

எட்டாம் நாள் ராஜா மேல்மாடத்தில் வந்து நின்றார். எதிரொலி இல்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்டது. வடக்கே ஒன்று. கிழக்கே ஒன்று. தெற்கே ஒன்று. மேற்கே இரண்டு.

“திருடர்!” என்றார் ராஜா. குதிரைகள் பறந்தன. உச்சிப்பொழுதுக்குள் திருடர் ஓட்டிப்போன மேற்குத் தொழுவத்து மாடுகள் அத்தனையும் திரும்பி வந்தன.

சபை கூடியது. தளவாய்க்கு வயிறு எரிந்தது. ராஜாங்க அரிசியைக் கோழி தின்றதா, இது ஓர் ஆட்சியா என்று கையை வீசிக் குதித்தார். பதிலுக்கு இன்னொரு மந்திரி கத்தினார். அவரை அடக்க மற்றவர்களும் எழுந்து கத்தினார்கள். ராஜா இரண்டு தரம் வாய் திறந்தும் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் செங்கோலைத் தட்டிய பிறகுதான், என்ன பரிசு வேண்டும் என்று குழைக்காதரைக் கேட்க முடிந்தது.

“எனக்கு ஒன்றும் வேண்டாம் மகாராஜா. அந்தக் கோழிகள்தான் பாவம், அரிசி சிந்துவதே இல்லையென்று இளைத்துப்போய்விட்டன. அவற்றை இந்தச் சபைக்கு மாற்றிவிடுங்கள். மந்திரிமார்களின் படியரிசியை நாளை முதல் அவரவர் மடியில் கொட்டுங்கள். பேசி முடித்தபின் மடியில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.”

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். தளவாய் கையை மெல்ல இறக்கி, முழங்காலைச் சேர்த்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார்.