மூன்று புள்ளிகளும் தக்காளிச் சிவப்பும்

"என் தளத்தைத் திருடிட்டான், வாத்தியாரம்மா."

படியேறி வந்த சுடலையாண்டி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வாத்தியாரம்மா ரஹ்மத் நிஷா கணினியிலிருந்து நிமிர்ந்தார். ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். உட்காருங்கள் என்று அதற்குப் பொருள்.

அது பரோட்டாக் கடைக்கு மேல்மாடி. சங்கம், வாசகசாலை, கால்பந்துக் குழு என்று காசில்லாத கூட்டங்களுக்கு இணையதளம் கட்டச் சொல்லித்தரும் இடம். யாரும் எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம் என்று திறந்துவிடப்பட்ட மென்பொருளை வைத்துத்தான் அங்கே பாடம். ஊரில் அந்த இடத்துக்கு மடம் என்று பெயர். கேலிதான். இலவசமாகக் கிடைப்பதை ஊர் கேலி செய்யும். விலை ஒட்டியிருந்தால் கும்பிடும்.

ஆசானுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

சீடர், துறைமுகக் கிடங்குகளில் மூட்டை தூக்குவோர் சங்கத்தின் பிரசாரச் செயலாளர். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே துண்டறிக்கையில்தான். கையில் கிடைத்த எந்த நோட்டீசையும் அச்சகத்தின் பெயர்வரை படிக்காமல் கீழே வைத்ததில்லை என்று மேடையிலேயே சொல்வார்.

திருடியது யார் என்று ஆசான் கேட்டார்.

மரியசூசை என்றார் சீடர். சொன்ன வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மரியசூசை அவரோடு ஒரே லாக்கப்பில் ஒரே பீடியைப் பங்குபோட்டவர். பிற்பாடு ஒரு தீர்மானத்தில் காற்புள்ளியை எங்கே வைப்பது என்று தகராறு வந்தது. சங்கம் இரண்டாயிற்று. இரண்டுக்கும் ஒரே கொள்கை, ஒரே கொடி, ஒரே டீக்கடை. பேச்சு மட்டும் கிடையாது.

அந்த டீக்கடையில்தான் ஒருவன் போனில் மரியசூசை சங்கத்தின் தளத்தைக் காட்டினானாம். அதே பெட்டிகள். மூலையில் அதே முஷ்டி. பார்க்கச் சகிக்காமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"சிவப்பை மட்டும் மாத்தியிருக்கான். நம்மது குங்குமச் சிவப்பு. அவன் வச்சிருக்கது தக்காளிச் சிவப்பு. ரசம் வைக்கலாம்."

ஆசான் சிரித்துவிட்டார். சீடர் சிரிக்கவில்லை.

"அவர் திருடலை அண்ணாச்சி. கேட்டார், நான்தான் குடுத்தேன்."

கீழே கொத்துப் பரோட்டா தொடங்கியது. கல்லில் இரண்டு தகடுகள் மாறி மாறி விழுந்தன. அந்தச் சத்தம் ஓயும்வரை மேலே யாரும் பேச முடியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

ஓய்ந்தது.

எப்படிக் கொடுக்கலாம் என்று சீடர் கேட்டார். குரல் தாழ்ந்திருந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். போலீசுக்கும் அது தெரியும். இதே நாற்காலியில் இடுப்பொடிய உட்கார்ந்து செதுக்கியது அல்லவா அந்தத் தளம்.

எதன்மேல் செதுக்கினீர்கள் என்று ஆசான் கேட்டார்.

சும்மா கிடைத்த மென்பொருள்மேல். எழுதியவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள்.

எழுத்துரு?

அதுவும் யாரோ கொடுத்தது.

தலைக்குமேல் ஓடும் செய்திப் பட்டை?

எந்த நாட்டிலோ ஒரு மாணவி செய்து வெளியிட்டது. அந்த மாணவியை வாழ்த்தி வாயிற்கூட்டத்தில் சுடலையாண்டி பேசியிருக்கிறார். கைதட்டல்கூட விழுந்தது.

"அந்த மென்பொருளோட உரிமத்தைக் கடைசிவரை படிச்சீங்கள்ல. பிளவுவாதிக்குக் குடுக்கக் கூடாதுன்னு எங்கயாவது இருந்துச்சா?"

"இல்லை," என்றார் சீடர். பிறகு, "சேர்க்கச் சொல்லி ஒரு மனு போடலாம்" என்றார்.

ஆசான் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அதற்குமேல் சீடர் வாதாடவில்லை. இனி யாரும் நகலெடுக்க முடியாதபடி தளத்துக்குப் பூட்டுப் போட்டுத் தரச் சொன்னார். இன்றைக்கே வேண்டும். ஏனென்றால் நாளை திங்கள்கிழமை, வேலைநிறுத்தம்.

வாயைத் திறந்து கேள்வி கேட்டதற்காகச் சிலரைக் கிடங்கு நிர்வாகம் வெளியே தள்ளியிருந்தது. அவர்களைத் திரும்ப எடுக்கத்தான் இந்தப் போராட்டம். நாளைக் காலை கிடங்கு கேட்டில், பந்தலடியில் எல்லோரும் நின்றால் அவர்களுக்கு வேலை உண்டு. பாதிப் பேர் உள்ளே போய்விட்டால் அவர்கள் கதை முடிந்தது. அந்தப் பாதிப் பேர் மரியசூசை கையில் இருந்தார்கள்.

மரியசூசையோ காலையில் அறிக்கை விட்டுவிட்டான், போராட்டத்தை எதிர்க்கிறானாம். சுடலையாண்டியின் தளத்தில், பிற சங்கங்களின் செய்தித் தலைப்புகளைத் தானாக இழுத்துவந்து காட்டும் ஒரு சிறிய பெட்டி உண்டு. அதில்தான் பார்த்தார்.

அறிக்கையை முழுக்கப் படித்தீர்களா என்று ஆசான் கேட்டார்.

"துரோகிக்குத் தலைப்பு போதும், வாத்தியாரம்மா."

பதிலும் தயார். 'கருங்காலிகள்' என்று தலைப்பிட்டுத் தளத்தில் வரைவாக வைத்திருந்தார். வெளியிடு என்ற பொத்தானை அமுக்குவதுதான் பாக்கி. பூட்டுப் போட்ட கையோடு அதையும் அமுக்கிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

அப்போது போன் அடித்தது. கேட்டிலிருந்து பேச்சிமுத்து, அவருடைய சங்கத்துக்காரன்.

"அண்ணாச்சி, கைவிட்டாச்சாமே? முன்னாடியே சொல்லக் கூடாதா? பந்தக்காரன் கம்பைப் பிடுங்கிட்டு இருக்கான்."

எவன் சொன்னது என்று கேட்டார் சுடலையாண்டி.

"நீங்கதான். நம்ம தளத்துல போட்டிருக்கே."

அப்படி ஒரு வதந்தியை நிர்வாகம் கிளப்பியது உண்மை. அதை மறுத்து மத்தியானம் அவரே தம் கையால் செய்தி போட்டதும் உண்மை. ஆசான் திரையை அவர் பக்கம் திருப்பினார். முகப்பில், முஷ்டிக்குக் கீழே, குங்குமச் சிவப்பில் இருந்தது.

*திங்கள்கிழமை வேலைநிறுத்தம் கைவிடப்பட…*

மூன்று புள்ளிகள்.

தொட்டால் முழுசாகத் திறக்கும். கைவிடப்படவில்லை என்று இருக்கும். மூட்டைக்கு நடுவே போனைப் பார்க்கிறவன் எவன் தொட்டுத் திறக்கப்போகிறான்?

தலைப்பை வெட்டும் அந்தக் கத்தியை வைத்தவர் சுடலையாண்டியேதான். தலைப்புகள் நீண்டால் பெட்டிகள் ஏறி இறங்கித் தெரிந்தன. துண்டறிக்கையில் பத்தி சமமாக நிற்க வேண்டும் என்று வளர்ந்தவர் அவர். அதனால் இத்தனை எழுத்துக்கு மேல் போனால் வெட்டிப் புள்ளி வை என்று ஒரு வரி சேர்த்தார். பெட்டிகள் அணிவகுத்து நின்றன. அந்த வரியைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை.

தமிழ்க்காரன் 'இல்லை'யைக் கடைசியில் வைத்துக்கொள்கிறவன் என்பது கத்திக்குத் தெரியாது.

பந்தலைப் பிரிக்காதே என்று போனில் சொல்லிவிட்டு, சீடர் விசைப்பலகையை இழுத்தார். கத்தி இருந்த வரியைத் தேடிப் பிடித்து அழித்தார். அவசரத்தில் பக்கத்து வரியின் வாலும் சேர்ந்து போயிற்று.

திரை வெளுத்தது. முஷ்டி இல்லை, பெட்டி இல்லை, எழுத்தே இல்லை. பால் போல வெள்ளை.

"அரைப்புள்ளி போயிருச்சு," என்றார் ஆசான்.

காற்புள்ளியில் சங்கம் உடைந்தது. அரைப்புள்ளியில் தளம் படுத்தது.

சீடர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகள் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஆசான் அவசரப்படவில்லை. போன மாதம் மரியசூசைக்கு நேர்ந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் செத்துப்போனதாக யாரோ கிளப்பிவிட்டார்கள். அவரும் மறுப்புப் போட்டார். அந்தத் தளத்திலும் அப்போது சுடலையாண்டியின் கத்திதான் இருந்தது. 'எங்கள் சங்கத் தலைவர் மரியசூசை காலமாக' என்று எழுதி மூன்று புள்ளி வைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வீட்டு வாசல் நிறைய மாலை.

சீடர் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார். தோள் குலுங்கியது.

"எல்லா மாலையையும் திருப்பி அனுப்பிட்டாராம். ஒண்ணை மட்டும் முடியலை. பேர் போடாம வந்திருக்கு. சம்பங்கி. ரிப்பன்கூட கட்டியிருந்துச்சாம்."

சீடர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"என்ன கலர் ரிப்பன்னு கேக்க மாட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்?"

"குங்குமச் சிவப்பு."

கீழே மறுபடி தகடுகள் விழுந்தன. இந்த முறை சீடருக்கு அந்தச் சத்தம் வசதியாக இருந்தது.

ஓய்ந்ததும் ஆசான் மிச்சத்தைச் சொன்னார். மரியசூசை இங்கே வந்து உட்கார்ந்து கத்தியைக் கழற்றினார். தலைப்பு எவ்வளவு நீண்டாலும் பெட்டி தானே வளர்ந்து கொடுக்கும்படி செய்தார். சுடலையாண்டியின் பெயர் தளக் கோப்பின் உச்சியில் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழேதான் தம் பெயரைச் சேர்த்திருக்கிறார். ஒரு நகலை இங்கே வைத்துவிட்டுப் போனார்.

"எனக்காகவா?"

"கேட்டா குடுங்க, கேக்காட்டா விட்டுருங்கன்னார்."

அந்த அரைப்புள்ளியை மட்டும் வைத்துத் தர முடியாதா என்று சீடர் கேட்டார்.

முடியும் என்றார் ஆசான். ஆனால் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதைச் சரிசெய்யும் வேலையைத்தான் மரியசூசை ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார். இன்னொரு முறை செய்யலாம். பந்தக்காரன் காத்திருப்பானா என்பதுதான் தெரியாது.

சீடர் தேநீரைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"குடுங்க," என்றார்.

ஆசான் பழைய கோப்புறையை நகர்த்திவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைத்தார். வெள்ளைத் திரை ஒரு தரம் கண்ணைச் சிமிட்டியது. முஷ்டி வந்தது. பெட்டிகள் வந்தன. ஏற்ற இறக்கமாக, குடும்பப் படத்தில் நிற்பது போல.

எல்லாம் தக்காளிச் சிவப்பு.

*திங்கள்கிழமை வேலைநிறுத்தம் கைவிடப்படவில்லை.*

புள்ளி ஒன்றுதான். சீடர் பேச்சிமுத்துவை அழைத்துத் தளத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டான். கம்பை ஊன்றச் சொல்கிறேன் என்றான். போனை வைக்குமுன், கலர் புதுசா அண்ணாச்சி, எடுப்பா இருக்கே என்றான்.

பிறகு 'கருங்காலிகள்' என்ற வரைவைத் திறந்தார். சுட்டியை வெளியிடு என்ற பொத்தான்மேல் கொண்டுபோனார்.

ஆசான் தடுக்கவில்லை. திரையின் வலது மூலையை, பிற சங்கங்களின் செய்திகள் வரும் பெட்டி இருக்கும் இடத்தை, விரலால் ஒருமுறை தட்டினார். அவ்வளவுதான்.

சீடர் முகப்புக்குத் திரும்பிப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்தார். காலையில் வந்த அதே செய்தி. இப்போது மூன்று வரிக்கு வளர்ந்திருந்தது.

*வேலைநிறுத்தத்தை நமது சங்கம் எதிர்க்கவில்லை. கேட்டில் நாமும் நிற்போம்: மரியசூசை.*

உதடு அசைய, எழுத்துக்கூட்டி, முதன்முதலில் நோட்டீஸ் படித்தவன் போலப் படித்தார். கடைசிவரை படித்தார்.

வரைவுக்குப் போனார். குப்பைக்கு அனுப்பு என்றிருந்ததை அமுக்கினார்.

கீழிருந்து வெங்காய வாசம் வந்தது.

"இந்தச் சிவப்பை மாத்த எந்த வரி, வாத்தியாரம்மா?"

ஆசான் காட்டினார். ஒரே வரி. ஆறே எழுத்து.

சீடர் சுட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முகப்பை மறுபடி பார்த்தார்.

"திங்கள் கழியட்டும்," என்றார்.