பகலில் மேலே வந்த கூனி

முன்னொரு காலத்தில் பவழத்துறை நாட்டைக் கடலாண்டான் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு மந்திரி சொல்வதைவிட நாக்கு சொல்வதுதான் பெரிது. ஒருநாள் மத்தியானச் சோற்றுக்கு, அப்போதே பிடித்த கூனியில் வறுவல் வேண்டுமென்றார். கூனி என்றால் விரல்நுனி அளவுச் சிற்றிறால்.

"பகலில் அது ஆழத்துக்குப் போய்விடும், மகாராஜா. வலைக்கு எட்டாது" என்றான் வலைஞர் தலைவன் காளத்தி.

"சோம்பேறிப் பேச்சு" என்று தூபம் போட்டார் பூவராகர். மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த கஜானா அதிகாரி அவர். காளத்தி சிறைக்குப் போனான்.

மந்திரி மங்கைபாகருக்கு இது பொறுக்கவில்லை. நிலாக்காலத்தில் வலை காலியாக வருவதையும் இருட்டில் நிரம்பி வருவதையும் அவரும் கவனித்திருந்தார். "அவன் சொன்னது உண்மை. கூனிக்கு வெளிச்சம் ஆகாது" என்றார்.

"அப்படியானால் வருகிற அமாவாசை, உச்சிப்பொழுதில் மந்திரியாரே பிடித்துக் காட்டட்டும். முடியாவிட்டால் பதவியும் போகட்டும், காளத்தி தலையும் போகட்டும்" என்றார் பூவராகர். அன்று முழுச் சூரிய கிரகணம். கிரகணத்தில் படகு இறக்கக் கூடாதென்பது அந்த ஊர் வழக்கம். அதை மனத்தில் வைத்துத்தான் அவர் நாள் குறித்தார்.

மங்கைபாகருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. "சம்மதம். மகாராஜாவும் பூவராகரும் என் படகில் வரவேண்டும்" என்றார்.

வலைஞர்கள் தயங்கினார்கள். "பாவம் வந்தால் என் தலையில் வரட்டும். உங்கள் தலைவன் உயிர் முக்கியம்" என்று மந்திரி முதல் ஆளாகப் படகில் ஏறினார். பூவராகர் இரண்டு கையிலும் தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார்.

சூரியன் தேயத் தேயக் கடல் கறுத்தது. வலையை இறக்கி, நன்றாக இருண்டதும் இழுத்தார்கள். வலை முழுக்கக் கூனி துள்ளியது. ராஜா வாயைப் பிளந்தார்.

"இது எப்படி ஐயா?"

"தீனி மேலேதான் இருக்கிறது, மகாராஜா. ஆனால் வெளிச்சத்தில் பெரிய மீன் கண்டுபிடித்து விழுங்கிவிடும். அதனால் பகலெல்லாம் ஆழத்து இருட்டில் பதுங்கும். மேலே இருட்டினால் மேய வரும். கிரகணத்தை ராத்திரி என்று நம்பி வந்துவிட்டது."

அங்கேயே காளத்திக்கு விடுதலை சொன்ன ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு பூவராகர் பக்கம் திரும்பினார்.

"என் கண்ணுக்குத் தெரியாமல் மேய்கிற கூட்டம் அரண்மனையிலும் இருக்குமோ? இன்று கஜானா அறையில் விளக்கை அணைத்துவிட்டு நானே உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்."

பூவராகர் கையிலிருந்த தர்ப்பை நழுவிக் கடலில் விழுந்தது.