இறக்கை விரிக்கும் கைப்பிடி

ஐம்பத்தெட்டு வயதில் பாடம் கேட்க வந்த ஆவுடையப்பனைப் பார்த்து, உவரியில் விண்கப்பல் வரையக் கற்றுத்தரும் கூடத்தில் சிரித்தார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று அவர் காதுபடவே கேட்டார்கள். கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர், பேசாமல் வீட்டில் இருக்கலாம்.

ஆசிரியை பிலோமினா சிரிக்கவில்லை. அவருக்கு வயது நாற்பத்தொன்று. கிரகம் விட்டுக் கிரகம் போகும் போர்க்கப்பல்களை வரைவது அவர் தொழில்.

மூன்று வருடம் கழித்து ஆவுடையப்பன் தன் முதல் கப்பலை வரைந்து கொண்டுவந்தார். அணு உலையில் ஓடும் கப்பல். அதற்குத் தலைமை ஏற்கப்போவது அவருடைய மகள் கோமதி.

விண்வெளியில் காற்று கிடையாது. உலையின் சூட்டை அகலமான இறக்கைகள் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். அவையோ அப்பளம் மாதிரி; ஒரு குண்டு பட்டால் போச்சு. அதனால் சண்டை வந்தால் மடித்துவிடுவார்கள். மடித்தபின் சூடு உள்ளேயே தங்கும். பதினோரு நிமிடத்துக்கு மேல் மனிதர் தாங்க முடியாது. நடுவில் ஒரு கப்பல் இறக்கையை விரித்தால், ‘போதும், சுடாதே’ என்று பொருள். எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட வழக்கம் அது.

பிலோமினா வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“விரிக்கிற கைப்பிடி எங்க, கேப்டன்?”

“எடுத்துட்டேன் டீச்சர். ஜெயிச்சாச்சுன்னு கம்ப்யூட்டர் சொன்னா தானா விரியும்.”

“அதுக்கு முன்னாடி விரிக்கணும்னு கோமதிக்குத் தோணினா?”

“தோணக்கூடாது.”

பிலோமினா அந்தக் கப்பலின் தலைமை அறையை மரத்தில் அதே அளவுக்குச் செய்யச் சொன்னார். சுவர் முழுக்க ஹீட்டர். மறுவாரம் இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள்.

“பதினோரு நிமிஷம் ஆனா திறப்பாங்க,” என்றார் பிலோமினா.

திரையில் எதிரிக் கப்பல் தெரிந்தது. ஆவுடையப்பன் பழைய மிடுக்கோடு உத்தரவு போட்டார். ஏழாவது நிமிடத்தில் வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. ஒன்பதாவதில் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அவர் கை நாற்காலியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

“என்ன தேடுறீங்க?”

அவருக்கு வெட்கமாக இருந்தது.

“நான் சண்டையில பயந்து கப்பலைத் திருப்பினவன், டீச்சர். இன்னிக்கு வரைக்கும் ஊர்ல தலை நிமிர்ந்து நடந்ததில்ல. எம்மகளுக்கு அந்தப் பேரு வேண்டாம்.”

“அன்னிக்குக் கப்பல்ல எத்தனை பேரு?”

“முப்பத்தாறு.”

“வீடு வந்து சேர்ந்தது?”

வெளியிலிருந்து கதவைத் திறந்தார்கள். கடற்காற்று முகத்தில் பட்ட பிறகுதான் சொன்னார்.

“முப்பத்தாறு.”

வாசல் படியில் உட்கார்ந்து இருவரும் ஒரு கூஜா தண்ணீரைக் குடித்து முடித்தார்கள். ஆவுடையப்பன் வரைபடத்தை மடியில் விரித்தார். தலைவரின் நாற்காலிக்கு வலப்பக்கம், கை எட்டும் தூரத்தில், ஒரு கைப்பிடியை வரையத் தொடங்கினார். பாதியில் பென்சில் நின்றது.

“டீச்சர், கோமதி விரிச்சப்புறம் எதிர்ல இருக்கிறவன் வழக்கத்தை மதிக்காம சுட்டுட்டான்னா? அவன் கப்பல்லயும் என்னை மாதிரி ஒருத்தன் கைப்பிடியை எடுத்திருந்தா?”

“அந்தக் கப்பலையும் எங்கேயோ ஒருத்தர் வரைஞ்சுக்கிட்டுத்தான் இருப்பாரு,” என்றார் பிலோமினா. “கைப்பிடியை நல்லாத் தெரியுற மாதிரி போடுங்க, கேப்டன். இந்தப் பக்கத்தை அவரைத் தேடி அனுப்பப்போறேன். அவரும் ஒண்ணு போடட்டும்.”