தகரக் கொட்டகையில் ஒரு பந்தயம்

மாவு மில்போல இரைந்த அந்த மேசைக் கணினியின் சத்தம், அதில் வீடியோ எடிட் செய்த மெர்சியின் காதில் இன்றும் இருக்கிறது. கல்யாண வீடியோக்கடை முதலாளி சிங்கராஜ் அண்ணாச்சிக்கு அது ஆகாது. புது லேப்டாப்போடு வந்தார்.

"ரெண்டுலயும் ஒரே பேரு பிராசஸர். இது சத்தமே போடாது. அதை வித்துட்டு, இதுல நானே எடிட் பண்ணிக்கிட்டு உன்னையும் அனுப்பிடலாம்."

இரண்டிலும் ஒரு நிமிடப் பாட்டு வீடியோவைத் தயாரிக்கவிட்டார். லேப்டாப் சரிக்குச் சரி முடித்தது.

"பிரமாதம் அண்ணாச்சி! அடுத்து முழுக் கல்யாணத்தையும் ஓட்டுவோம். உங்க ஏசி ரூம்ல வேண்டாம், நான் வேலை பாக்குற தகரக் கொட்டகையில."

"எங்க வேணா வை!"

மாப்பிள்ளை அழைப்புவரை பறந்த லேப்டாப், சூடேறித் தாலி கட்டுமுன் ஊர்ந்தது. மேசைக் கணினி பந்தியையே முடித்துவிட்டது.

"என்னடி ஆச்சு இதுக்கு?" வியர்வையைத் துடைத்தார் அண்ணாச்சி.

"உங்களை மாதிரிதான் அண்ணாச்சி. ஏசி இல்லாம ரொம்ப நேரம் உழைக்க முடியல."

மெர்சி அந்தக் கடையில் இன்னும் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள்.