தருமக்கலத்தில் நனைந்த கால்

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அரசனைச் சொல்வார்கள், பொறாமைக்காரரைச் சொல்வார்கள், அவரை மடக்கிய கெட்டிக்காரியைச் சொல்லிச் சிரிப்பார்கள். வெள்ளச்சியை மட்டும் விட்டுவிடுவார்கள். அவளைச் சேர்த்தால் சிரிப்புக் கெட்டுவிடும்.

கடல் மனிதரோடு பேசுவதை நிறுத்தியிராத காலத்தில் ஆழித்துறையைப் பரவைமாறன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒருவனைக் கட்டித் தழுவுவான். மாலையில் அவனிடமே பெயர் என்ன என்று கேட்பான். அரசனிடம் தருமக்கலம் என்ற பாய்மரக் கப்பல் இருந்தது. கடலடியில் வளர்ந்த மரத்தால் செய்தது. முகப்பில் எழுதிய கண்கள் இருட்டினால் இமை மூடும். இமை மூடத் தெரிந்த மரத்துக்கு நீதியும் தெரிந்திருக்கும் என்று ஊர் நம்பியது. வழக்கு வந்தால், குற்றம் சாட்டப்பட்டவரை அதன் அடித்தளத்தில் நிறுத்திக் கப்பலைக் கடலில் இறக்குவார்கள். கால் நனைந்தால் பொய்யர்; நனையாவிட்டால் உத்தமர். சாட்சி, விசாரணை என்ற தொல்லை அரசனுக்கு இல்லை.

அந்தக் கப்பலைப் பேணும் பட்டறைக்குத் தலைவி மாடத்தி. பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அவள் மேற்பார்வையில்தான் அடைபடும். அவளுடைய அக்காள் வெள்ளச்சி, காற்றின் போக்கைக் கணித்து அரசனுக்குச் சொல்பவள். தன்னை விட்டுவிட்டு ஒரு பெண்ணிடம் அரசன் யோசனை கேட்கிறானே என்று அரசவைப் பிரமுகர் மழவரையர் வெந்துபோனார். நம் கப்பல்கள் புறப்படும் நேரத்தைக் கடற்கொள்ளையருக்குச் சொல்லிவிட்டாள் என்று அவள்மேல் பழி சுமத்தினார். தருமக்கலத்தில் வெள்ளச்சியின் கால் நனைந்தது. அவளை உப்புத்தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

மாடத்தி வழியனுப்பக்கூடப் போகவில்லை. ஒவ்வோர் இடுக்கையும் தன் கண் முன்னால் அடைப்பித்திருந்தாள். ஆகவே உள்ளே வந்தது தருமத்தின் நீராகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினாள். தன் வேலையைச் சந்தேகிப்பதைவிட உடன்பிறந்தவளைச் சந்தேகிப்பது அவளுக்கு எளிதாக இருந்தது.

அடுத்த ஆண்டு கப்பலைக் கரையேற்றி, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டும்போது, உள்ளே கயிற்றுச் சுருள்கள் கிடக்கும் இடப்பக்கத்தில், விரல் நுழையும் துளை ஒன்று அகப்பட்டது. வெள்ளச்சியின் சோதனைக்கு முன் துளைத்து, பின்பு தேன்மெழுகால் மறைத்திருந்தார்கள். அவள் பட்டறையில் தேன்மெழுகு புழங்கியதே இல்லை. மாடத்தி அந்த மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பிறகு துளையைத் தன் கையாலேயே குங்கிலியம் வைத்து அடைத்து, கயிற்றுச் சுருள்களைப் பழையபடி போட்டுவிட்டு அரசனிடம் போனாள்.

“மகாராஜா, கப்பல் தயார். வெள்ளோட்டத்துக்கு அவையோர் அனைவரும் அடித்தளத்தில் வந்து நிற்க வேண்டும்.”

“எதற்கு? பட்டு வேட்டி பாழாகும்,” என்றார் மழவரையர்.

“தூக்கிக் கட்டத் தெரியாவிட்டால் சொல்லுங்கள் ஐயா, நான் கட்டிவிடுகிறேன்.”

அவை சிரித்தது. அரசனுக்கு அன்று வேறு பொழுதுபோக்கு இல்லை, சரி என்றான். கப்பலில் ஏறும்போது அவன் காதோரம் மாடத்தி சொன்னாள்: “தண்ணீரைப் பார்க்காதீர்கள், மகாராஜா. இவர்களுடைய கண்களைப் பாருங்கள்.”

கப்பல் சரிந்து நீரில் இறங்கியது. மாடத்தி விளக்கை உயர்த்தினாள். “போன ஆண்டு தண்ணீர் வந்த துளையைக் கண்டுபிடித்துவிட்டேன். அது எங்கே என்று சொல்லமாட்டேன். அதை அடைக்கவும் இல்லை.”

எல்லாரும் குனிந்து தத்தம் காலைப் பார்த்தார்கள். மழவரையர் மட்டும் இடப்பக்கக் கயிற்றுச் சுருள்களைப் பார்த்தார்.

“அங்கே என்ன தேடுகிறீர்?” என்றான் அரசன்.

“கயிறு... நல்ல கயிறு, மகாராஜா.”

அரசன் சுருள்களை விலக்கச் சொன்னான். பின்னால் புதிய குங்கிலியம் மின்னியது. ஒரு சொட்டு நீர் இல்லை.

“அடைக்கவில்லை என்றாயே?”

“பொய் சொன்னேன். என் கால் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.”

அரசன் பார்த்தான். உலர்ந்திருந்தது. அந்தக் கப்பலை நம்பித் தான் வழங்கிய தீர்ப்புகள் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. பிறகு, அவற்றை மறப்பதற்கு வேறு வழி தெரியாமல், உரக்கச் சிரித்தான். பட்டு வேட்டியோடு பட்டறையில் சிப்பி சுரண்டும்படி மழவரையருக்கு உத்தரவானது. “உனக்கு என்ன வேண்டும்?” என்று மாடத்தியைக் கேட்டான்.

“உப்புத்தீவுக்கு ஒரு படகு.”

கதை சொல்கிறவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள்.

தீவின் கரையில் வெள்ளச்சி மீனுக்கு உப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்; கை நிற்கவில்லை.

“அக்கா, உன்மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது. வா, போகலாம்.”

“எனக்கு அது முன்பே தெரியும். உனக்கு எப்போது தெரிந்தது?”

“துளையைப் பார்த்த அன்று.”

“பார்க்காமலே போயிருந்தால்?”

அவையையே மடக்கியவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஈர மணலில் நின்றுகொண்டே இருந்தாள்.

“காற்று திரும்பப் போகிறது. இருட்டுவதற்குள் கரை சேர்,” என்றாள் வெள்ளச்சி.

வெள்ளச்சி ஊர் திரும்பவில்லை. ஆண்டுதோறும் தங்கை கொண்டுவந்த அரிசியை வாங்கிக்கொண்டாள்; படகில் ஏறவில்லை. அவ்வழியே போன மீனவர்களுக்குக் காற்றுச் சொல்லிப் பிழைத்தாள். தலை நரைத்த பின் உப்புத்தீவிலேயே இறந்தாள். மீனவர்கள் அவளை அங்கேயே புதைத்தார்கள்.