கொளஞ்சி முயலும் ஆள்காட்டிக் குருவியும்

ஏரியை ஒட்டிய ஒரு காட்டில் கொளஞ்சி என்றொரு முயல் வாழ்ந்தது. பறவைகள் என்றால் அதற்கு உயிர். பங்குனி பிறந்து பறவைகள் கூடு கட்டத் தொடங்கினால் போதும். எந்தப் பறவை எங்கே முட்டையிட்டது, எத்தனை குஞ்சு பொரித்தது என்று பார்த்து வந்து, ஏரிக்கரைக் களிமண்ணில் நகத்தால் கீறி வைக்கும்.

அந்த ஆண்டு ஓர் ஆள்காட்டிக் குருவி, கரையோரக் கூழாங்கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. முட்டைகளும் கற்களைப் போலவே புள்ளி புள்ளியாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கொளஞ்சி மட்டும் கண்டுபிடித்துவிட்டது.

தினமும் காலையில் கூட்டருகே போய் உட்கார்ந்துகொள்ளும். குருவி எழுந்து தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தும். கொளஞ்சி மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்ளும்: "இன்று நாற்பது முறை கூவியது. நேற்றைவிட அதிகம்."

ஐந்தாம் நாள் குருவி அதன் முன்னால் வந்து இறங்கியது.

"என்ன எண்ணுகிறாய்?"

"உன் பாட்டைத்தான். என்னைக் கண்டால் உனக்கு அவ்வளவு சந்தோஷம்."

"பாட்டா? அந்த நாற்பது முறையும் உன்னைப் போகச் சொன்னேன். நான் எழுந்திருக்கும் நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் காய்கின்றன. போதாததற்கு, உனக்குப் பின்னால் பார்."

கொளஞ்சி திரும்பியது. ஐந்து நாளும் அது நடந்து நடந்து, காட்டிலிருந்து கூடுவரை புல்லில் தடம் விழுந்திருந்தது. அந்தத் தடத்தை மோந்துகொண்டே ஒரு கீரி வந்தது.

கொளஞ்சி யோசித்தது. இங்கேயே நின்றால் கீரிக்குக் கூடு தெரிந்துவிடும். ஓடி ஒளிந்தாலும் தடம் கூட்டருகே தானே முடிகிறது? கொளஞ்சி கூட்டை ஏறிட்டும் பார்க்காமல், அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் அதைத் தாண்டி நடந்தது.

"என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வா," என்று குருவியிடம் மெல்லச் சொன்னது.

குருவியும் விடாமல் கத்திக்கொண்டு வந்தது. வெகுதூரம் போய், சப்பாத்திக்கள்ளிப் புதர் ஒன்றின் முன்னால் கொளஞ்சி நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. அங்கே குருவி இன்னும் உரக்கக் கத்தியது.

"ஓகோ, கூடு இங்கேதானா? தள்ளு," என்று கீரி புதருக்குள் பாய்ந்தது. முகமெல்லாம் முள்ளோடு வெளியே வந்து, அந்தக் கரைப்பக்கமே வேண்டாம் என்று ஓடிப்போனது.

அன்றோடு கொளஞ்சி கூட்டருகே போவதை நிறுத்தியது. தொலைவில் இருந்த ஒரு மேட்டில் உட்கார்ந்து பார்த்தது. அங்கிருந்து முட்டை தெரியாது. ஆனால் உச்சிவெயிலில் குருவி ஏரிக்குப் போய், வயிற்றுச் சிறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதைக் கண்டது. பக்கத்தில் இருந்த நாட்களில் அது இதைப் பார்த்ததே இல்லை.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு காலையில் குருவி அந்த மேட்டுக்கே நடந்து வந்தது. பின்னால் மூன்று குஞ்சுகள் நெட்டைக் கால்களில் தடுமாறிக்கொண்டு வந்தன.

"ஒரு முட்டை பொரிக்கவில்லை," என்றது குருவி.

கொளஞ்சி தலைகுனிந்தது. "என்னாலா?"

"தெரியாது. ஆனால் இந்த மூன்றும் உன்னால் பிழைத்தவை. இப்போது பக்கத்திலேயே வைத்து ஆசைதீரப் பார்."

கொளஞ்சி மூச்சுக்கூட விடாமல் அசையாது உட்கார்ந்திருந்தது. ஒரு குஞ்சு வந்து அதன் முன்னங்கால்மேல் ஏறி நின்றது.

நீதி: விலகி நிற்கத் தெரிந்த அன்பே காக்கும்.