ஏழாவதில் பேர் இல்லை

முதலாவது அநியாயம், கையுறை. மீன் வெட்டுகிறவர்களுக்கு வாரத்துக்கு மூன்று சோடி கொடுத்துவந்த கொம்பனி, அதை ஒன்றாகக் குறைத்தது.

இரண்டாவது, தேநீர் இடைவேளை. பதினைந்து நிமிடம் பத்தாகி, பத்து ஏழாகியது.

மூன்றாவது, சோதியின் விரல். எந்திரம் விரலைத் தின்றது. கவனயீனம் என்று எழுதி, மிஞ்சிய விரல்களால் அவளிடமே கையெழுத்து வாங்கினார்கள்.

நான்காவது, குடியிருப்பு. எட்டுப் பேர் இருக்கிற வீட்டில் வெப்பமூட்டி பழுதாகிப் பத்தொன்பது நாள் ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

ஐந்தாவது, வேலைத்தலத்தில் தமிழ் பேசக் கூடாது என்று சுவரில் ஒட்டிய அறிவித்தல்.

ஆறாவது, அந்த அறிவித்தலைக் கிழித்தவரை மூன்று மாதம் வேலையால் நிறுத்தியது. கிழித்தவர் சிவகடாட்சம்.

ஏழாவது, ஒரு தொழிலாளியின் சாவு.

இந்த வரிசையை மாற்ற சிவகடாட்சம் யாரையும் விட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதில் சுவரொட்டி ஒட்டத் தொடங்கியவர். இப்போது அறுபத்தொன்று. படித்ததெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்ததுதான். அதை அவர் ஒளித்ததுமில்லை. கொம்பனி மறந்துவிடும், மறப்பதற்கென்றே அது அலுவலகம் வைத்திருக்கிறது, எண்ணி வைத்திருக்கவேண்டியவன் தொழிலாளிதான் என்பார். பட்டியல் அவருடைய மேற்சட்டைப் பைக்குள் நாலாக மடிந்து கிடக்கும். அன்றைக்கு இரண்டு மணிக்கு அதைக் கொம்பனிக்காரரின் முகத்துக்கு நேரே வாசிக்கவேண்டும்.

அதற்கு முன் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

நோர்வேயின் வடகோடியில் இருக்கிற அந்த மீன்பிடி ஊரில், கார்த்திகை முடிவில் மறைகிற சூரியன் தை நடுவில்தான் தலைகாட்டும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நீலம் கலந்த ஓர் இருள் பனியின் மேல் வந்து குந்தியிருக்கும். அந்த இருளுக்குள் நடந்து, சோதி உட்படத் தன்னோடு வேலை செய்கிற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, சிவகடாட்சம் நிரோஜினியின் டயர் கடைக்கு வந்தார்.

நிரோஜினிக்கு முப்பத்தாறு வயது. டயர் மாற்றுவாள், வாகனம் ஓட்டப் பழக்குவாள். கடைக்குப் பின்னால் வேலி அடைத்த மைதானத்தில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, வழுக்கலில் ஓட்டுவது எப்படி என்று காட்டுவாள். பத்து வருடத்துக்கு முன்னர் சிவகடாட்சத்துக்கு ஓட்டப் பழக்கியவளும் அவள்தான். ஊரில் எல்லோருக்கும் அவள் ரீச்சர். அவருக்கு மட்டும் பிள்ளை.

"பிள்ளை, நீ வாகனம் தெரிஞ்ச ஆள். இதில ஒரு கையெழுத்து வை."

"வாசியுங்கோ, மாமா."

அவர் வாசித்தார். ஒன்றிலிருந்து ஏழுவரை. குரல் ஓரிடத்திலும் தளரவில்லை.

"ஆறுக்கும் வைக்கிறன்," என்றாள். "ஆறும் உண்மை."

"ஏழுக்கு?"

"ஏழாவதைத் திருப்பி வாசியுங்கோ."

"குளிர்கால டயர் இல்லாத வேனில் பயணம் செய்யவேண்டிய நிலையை நிர்வாகம் ஏற்படுத்தியதால், ஒரு தொழிலாளி உயிரிழந்தார்."

"அண்டைக்கு டயர் எங்க கிடந்தது, மாமா?"

சிவகடாட்சம் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். மற்ற நாலு பேரும் சுவர்ப்பக்கம் பார்த்தார்கள். அந்தச் சுவரோரம்தான் கிடந்தது.

ஐப்பசியில் ஒரு காலை. முதல் உறைபனி விழுந்திருந்தது. கொம்பனி பிந்தித்தான் அனுப்பியது, ஆனாலும் டயர்கள் முதல்நாளே வந்துவிட்டன. செத்துப்போன அந்த மனிதர்தான் அன்றே நாலையும் கடைக்குள் தூக்கிவந்து அடுக்கியவர். மறுநாள் காலை, மாற்ற இரண்டு மணித்தியாலம் ஆகும், நில்லுங்கோ என்றாள் நிரோஜினி. பக்கத்து ஊரில் ஒன்பது மணிக்கு ஆர்ப்பாட்டம். நிற்க நேரமில்லை என்று சிவகடாட்சம் கோடைகால டயரோடே வேனை எடுத்தார். பாலம் தாண்டிய வளைவில் அந்த மனிதர் இவர்களோடு ஏறுவதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். வேன் நிற்கவில்லை.

பனி வழுக்கல், விபத்து என்று பொலிஸ் எழுதி மூடியது.

"நாலு சில்லும் இழுக்கிற வேன், டயரைப்பற்றிக் கவலையில்லை எண்டு கொம்பனிதான் சொன்னது," என்றார் சிவகடாட்சம்.

பேரின்பம் மெல்லச் செருமினான். நாலு பேரில் அவன்தான் வாய் திறக்கிறவன்.

"அதைச் சொன்னது நீங்கள், அண்ணை."

"நீ ஆற்றை பக்கமடா?"

"பின் சீட்டுப் பக்கம், அண்ணை. எப்பவும் அங்கதானே இருக்கிறன்."

நாலு பேரில் இன்னொருத்தியான தர்மினி சிரிப்பை அடக்கினாள். சிவகடாட்சம் சிரிக்கவில்லை. ஏழாவது இல்லாவிட்டால் மற்ற ஆறும் வெறும் கையுறைக் கதை என்று கொம்பனி தள்ளிவிடும். அதை அவர் நன்றாக அறிவார். முப்பது வருடத்துப் பட்டியல் ஒரு பெண்ணின் பேனா முனையில் நின்றது.

"சரி. நீ டயர் விக்கிறவள். இருந்தாலும் நியாயமாச் சொல்லு. நாலு சில்லும் இழுக்குது. ஏத்தத்தில ஏறுது, பனிக்குள்ளால வெளிக்கிடுது. பிறகு உந்த டயர் செய்யிற வேலை என்ன?"

நிரோஜினி எழுந்தாள். ஆணியில் தொங்கிய செம்மஞ்சள் மேற்சட்டை ஒன்றை எடுத்தாள். மீன் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அதே நிறம், அதே அளவு. மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொருவரும் கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் மையால் பேர் எழுதி வைப்பார்கள்.

சிவகடாட்சம் அந்தச் சட்டையின் கழுத்தைப் பார்க்கவில்லை.

"ஆற்றை அது?" என்றாள் தர்மினி.

"டயர் தூக்கின அண்டைக்கு வேர்க்குது எண்டு கழட்டித் தொங்கவிட்டவர். பிறகு எடுக்க வரேல்லை."

மைதானத்தில் வேன் நின்றது. சோதித்துப் பார்க்கவென்று நேற்று அவரே விட்டுப்போன வேன். அன்றைக்குப் போட்டிருந்த அதே கோடைகால டயர்களை அவள் திரும்ப மாட்டி வைத்திருந்தாள்.

உறைந்த தரையில் இரண்டு சிவப்புக் கூம்புகள். அங்கிருந்து இருபது மீற்றரில் ஒரு கம்பு. கம்பில் சட்டையை மாட்டிவிட்டு வந்தாள்.

"முப்பதில வாங்கோ. கூம்பில பிரேக்கை மிதியுங்கோ. சட்டைக்கு முன்னால நிப்பாட்டவேணும்."

ஐந்து பேரும் ஏறினார்கள். ஆறு பேர் இருக்கிற வேன் அது. நடுவில் ஒரு சீட் காலி. அந்தக் காலிச் சீட்டுக்குப் பெல்ட் பூட்டிக் கிடந்தது.

அந்தச் சாவுக்குப் பிறகு வந்த கரைச்சல் அது. ஆள் இருந்தும் பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி, ஆளில்லாத அந்தச் சீட்டுக்கு அடிக்கத் தொடங்கியது. மெக்கானிக் இரண்டு தரம் கழற்றிப் பார்த்தான். ஒரு பிழையும் இல்லை. கடைசியில் தர்மினிதான் வழி கண்டாள். ஏறியதும் முதலில் அந்தப் பெல்ட்டைப் பூட்டுவாள். பிறகுதான் தன்னுடையது. அதைப்பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

நிரோஜினி கையை உள்ளே விட்டு அந்தப் பெல்ட்டைக் கழற்றினாள்.

மணி அடித்தது.

"அதைப் பூட்டு பிள்ளை."

"ஆறு பேரோட ஓட்டிப் பாக்கவேணும், மாமா. கிடக்கட்டும்."

சிவகடாட்சம் அக்சிலேற்றரை அமத்தினார். வேன் ஒரு துளி வழுக்கலும் இல்லாமல் பாய்ந்து வெளிக்கிட்டது. நாலு சில்லும் கடித்து இழுத்தன. அவருக்குள் பழைய சந்தோசம் ஒன்று எழும்பியது. எத்தனை கூட்டங்களை அவர் இப்படி வெளிக்கிடப் பண்ணியிருக்கிறார்! கூம்பு வந்தது. மிதித்தார்.

வேன் கேட்கவில்லை.

சில்லுகள் நின்றுவிட்டன. வேன் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், அவசரமும் இல்லாமல் போனது. காற்றில் சட்டையின் கை ஊதி எழும்பியது. மணி அடித்தது. பிறகு துணி அடிபடுகிற சத்தம். துணிதான். ஆனால் அந்தச் சத்தத்தை ஐந்து பேரும் முன்னரே கேட்டிருந்தார்கள்.

கம்பைத் தாண்டி இன்னும் வெகுதூரம் போய்த்தான் வேன் நின்றது. சோதி விரலில்லாத கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சட்டையை எடுத்துக்கொண்டு வாங்கோ," என்று நிரோஜினி தூரத்திலிருந்து சொன்னாள்.

வேனுக்கு அடியில் கையை விட்டு அவர் எடுத்தார். கழுத்துப்பட்டி உள்ளே போகும்படி சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். வேனை அணைக்கவில்லை. மணி பின்னால் அடித்துக்கொண்டே இருந்தது.

"இப்ப என்ரை காரில வாங்கோ."

அவளுடைய கார் பழையது, சின்னது. முன்சில்லு இரண்டும் மட்டும்தான் இழுக்கும். ஆனால் குளிர்கால டயர் போட்டிருந்தது. ஐந்து பேரும் நெருக்கியடித்து ஏறினார்கள். காலி இடம் இல்லை. கார் உறுமியது, சில்லு சுற்றியது, அசையவில்லை. பேரின்பம் இறங்கித் தள்ளிவிட்டு, ஓடிவந்து ஏறினான்.

"வெளிக்கிடவே தெரியாத கார், ரீச்சர்!" என்று கத்தினான். "இதைவிட நடந்து போகலாம்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் நிரோஜினி சாய்ந்துபோன கம்பைப் பிடுங்கி எறிந்திருந்தாள். செத்தவரின் சட்டையைப் போட்டு, தலைமூடியை இழுத்துவிட்டு, கம்பு இருந்த இடத்தில் தானே நின்றாள்.

"விசரே உமக்கு? விலத்தும்!" சிவகடாட்சம் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

"டயர் நான் போட்டது. முப்பதில வாங்கோ."

"ஏலாது!"

"அப்ப ஏழாவதை வெட்டிவிடுங்கோ. ஆறுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கோ."

அவர் பட்டியலில் ஒரு சொல்லைக்கூட வெட்டியதில்லை. காரை எடுத்தார்.

வெளிச்சம் சட்டையில் விழுந்தது. தலைமூடிக்குள் முகம் தெரியவில்லை. வெறும் செம்மஞ்சள். கூம்பு கிட்ட வந்தபோது, அந்த உருவம் கையைத் தூக்கியது. இடக்கை. செத்தவருக்கு வலது தோளில் நோ. எப்போதும் இடக்கையைத்தான் தூக்குவார். விரல்களை விரித்து, கொஞ்சம் நில்லுங்கோ, நானும் வாறன் என்கிற மாதிரி.

சிவகடாட்சம் காலால் மட்டுமில்லை, உடம்பு முழுவதாலும் மிதித்தார்.

டயர் பனியைக் கீறியது. கார் முனகியது, குலுங்கியது, நின்றது. சட்டைக்கும் காருக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது.

அவர் இறங்கினார். காரைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார்.

"இடக்கை எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"என்ன இடக்கை?"

"தூக்கினீரே!"

நிரோஜினி பார்த்தாள். அவளுடைய இரண்டு கையும் சட்டைப் பைக்குள் இருந்தன. அப்போதுதான் வெளியே எடுத்தாள்.

"நான் கை தூக்கேல்லை, மாமா."

பின்னால் நாலு பேரும் இறங்கி நின்றார்கள். "நானும் கண்டனான்," என்றாள் தர்மினி. மற்ற மூன்று பேரும் மறுக்கவில்லை.

தூரத்தில், ஆளில்லாத வேனுக்குள், மணி அடித்துக்கொண்டிருந்தது.

சிவகடாட்சம் காருக்கும் சட்டைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு முழப் பனியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு மணித்தியாலம். அவ்வளவுதான் கேட்டாள்.

"மணி ஒண்டரை, அண்ணை," என்றான் பேரின்பம். "இப்ப வெளிக்கிட்டால்தான் கூட்டத்துக்குப் போகலாம்."

சிவகடாட்சம் அசையவில்லை.

"நான் கேட்டதுக்கு நீங்கள் மறுமொழி சொல்லேல்லை, ரீச்சர்," என்றார்.

பத்து வருடத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன கேட்டனீங்கள்?"

"நாலு சில்லும் இழுக்கேக்கை, டயர் செய்யிற வேலை என்ன எண்டு."

நிரோஜினி சட்டையைக் கழற்றினாள். கழுத்துப்பட்டியை வெளிப்புறமாகத் திருப்பி, காரின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"முன்னால ஒரு ஆள் நிக்கிறார், மாமா."

அவர் பைக்குள்ளிருந்து பட்டியலை எடுத்தார். நாலு மடிப்பையும் பிரித்தார். ஏழாவது வரியில் விரலை வைத்தார். அந்த வரியில் இல்லாததை, கண்ணை உயர்த்தி, கழுத்துப்பட்டியில் தேடினார். தடித்த மையில், கோணல் எழுத்தில் இருந்தது.

"ஏழாவது," என்றார்.

செருமினார். மணிச் சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டும் என்பதற்காக, கூட்டங்களில் பேசுகிற குரலில், நாலு பேரையும் பார்த்து வாசித்தார்.

"கந்தப்பு வில்வராசா."